உடற்கட்டும் நாருணவும்

கல்லூரி வாழ்விலே நூற்கல்வியை ஒரு கண்ணென்று கொண்டால், உடல்நலத்தை மறுகண்ணென்று கொள்ளல் வேண்டும். விளையாட்டும் தேகப்பயிற்சியும் எமது கல்லூரியின் மரபிலே ஊறியவை. முன்னாளில் தண்டாலும் பஸ்கியும் கரலாக்கட்டையுமாக இருந்த பயிற்சி, இந்நாளில் இரும்புப் பாரங்களைத் தூக்கித் தசையை வளர்க்கும் உடற்கட்டுக் கலையாக வளர்ந்துள்ளது. பிரசிய நாட்டிலே 1867ஆம் ஆண்டிற் பிறந்த யூஜின் சாண்டோ என்பார், 1901ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ரோயல் அல்பேட் மண்டபத்திலே பெரியதோர் உடற்கட்டுப் போட்டியை நடத்திப் புகழ்பெற்றார். அவருடைய பெயர் கடல்கடந்து வந்து, தமிழிலே பலசாலியைக் குறிக்கும் பட்டமாகவே ஆகிவிட்டமையை யாவரும் அறிவர்.

பாரந்தூக்கும் இளைஞன் உணவைப்பற்றிச் சிந்தியாதிருத்தல் இயலாது. அவ்வாறு சிந்திக்கப் புகும் இளைஞனுடைய செவியில் ஒன்றற்கொன்று மாறான இரு அறிவுரைகள் விழுகின்றன. ஒரு சாரார், நார் மிகுந்த உணவு புரதத்தையும் தாதுப்பொருள்களையும் உடலிற் சுவறவிடாது வெளியே இழுத்துச் சென்றுவிடுமென்றும், ஆதலின் கீரையையும் தவிட்டரிசியையும் பயற்றையும் குறைத்து, டின்களில் விற்கும் புரதமாவையே நம்பவேண்டுமென்றும் கூறுவர். மற்றொரு சாரார், நார் எத்துணை மிகுகின்றதோ அத்துணை நன்றென்று கூறித் தவிட்டையும் நார்ப்பொடியையும் அள்ளியுண்ணச் சொல்வர். இவ்விரு கூற்றுக்களையும் ஆராய்ந்து, உண்மை எவ்விடத்துள்ளதென்பதை இவ்விழா மலரின் வாயிலாக விளக்க விரும்புகின்றோம்.

எம்போன்ற சைவக் கல்லூரிகளின் மாணவர்க்கு இது வெறும் நூலாராய்ச்சியன்று. விலங்குணவில் நார் இல்லை. முட்டையிலும் மீனிலும் பாலிலும் புரதம் தனித்தே வருகின்றது. மரக்கறியுணவினனோ புரதத்தை நாடிப் பயற்றிடமும் கடலையிடமும் பருப்பிடமும் செல்லுந்தோறும், நாரும் அதனோடு கூடவே வந்து சேர்கின்றது. எனவே, நார் உண்மையாகவே தீங்கு செய்யுமாயின் முதலிற் பாதிக்கப்படுபவன் மரக்கறியுண்ணும் எம்மிளைஞனே. தீங்கு செய்யாதாயின், வீணான அச்சத்தினாலே பணத்தையும் நல்லுணவையும் இழப்பவனும் அவனே.

நார் என்பது யாது?

தாவர உணவிலே, எமது சிறுகுடலிலுள்ள நொதியங்களாற் சமிபாடடையாது பெருங்குடலைச் சென்றடையும் பகுதியையே உணவுநார் என்பர். உணவுநார் என்னும் ஆங்கில வழக்கினை 1953ஆம் ஆண்டில் முதன்முதல் ஆண்டவர் ஹிப்ஸ்லி என்பார். பின்னர் கிழக்காபிரிக்காவில் நெடுங்காலம் மருத்துவத் தொண்டாற்றிய பேர்க்கிற்று, திறோவெல் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள், 1970ஆம் ஆண்டுகளில் இதனை உலகெங்கும் பேசுபொருளாக்கினர். மேனாட்டிலே மலிந்திருந்த குடல்நோய்கள் பல, நார் மிகுந்த உணவை உண்ணும் ஆபிரிக்க மக்களிடத்து அரிதாயிருத்தலை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

நாரெல்லாம் ஒரே தன்மையினவல்ல. தவிட்டிலும் காய்களின் தோலிலும் உள்ள செலுலோசு, இலிக்னின் போன்றவை நீரிற் கரையாதவை. அவை மலத்தின் பருமனைப் பெருக்கிக் குடலின் ஓட்டத்தை விரைவாக்கும். பழங்களிலுள்ள பெக்ரின், ஓற்சு தானியத்திலுள்ள பசைநார், இசப்புக்கோல் விதையின் உமி ஆகியவை நீரோடு கூடிக் கூழ்போலாகி, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதிக்கச் செய்யும். இவற்றுட் சில பெருங்குடலிலுள்ள பற்றீரியாக்களுக்கு உணவாகிப் புளித்து, அசற்றேற்று, புரொப்பியோனேற்று, பியூற்றிரேற்று என்னும் சிறு கொழுப்பமிலங்களாக மாறும். பெருங்குடற் சுவரின் கலங்கள் தம் ஆற்றலின் பெரும்பகுதியைப் பியூற்றிரேற்றிலிருந்தே பெறுகின்றன. ஆகவே நார் முழுவதும் வீணே கழியும் சக்கையன்று. மாப்பொருள் ஒரு கிராமுக்கு 4 கலோரி ஆற்றல் தரும்போது, நார் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2 கலோரி தருமென்று கணக்கிடுவர்.

புரதம் இழக்கப்படுகின்றதா?

உடற்கட்டாளன் முதலிற் கேட்பது புரதத்தைப்பற்றியே. அவன் உண்ணும் புரதத்தில் எவ்வளவு அவன் உடலைச் சேர்கின்றது? ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, முட்டைப் புரதத்தில் நூற்றுக்கு 97 பங்கும், பாற்புரதத்தில் 95 பங்கும் சமிபாடடைகின்றன. தீட்டிய அரிசியில் 88 பங்கும், முற்றிய பட்டாணியில் 88 பங்கும், அவரையினத்தில் 78 பங்கும், சிறுதானியங்களில் 79 பங்கும் சமிபாடடைகின்றன. இவற்றினும் நோக்கத்தக்கது கோதுமை. தவிடு நீக்கிய கோதுமையிற் புரதம் நூற்றுக்கு 96 பங்கு சமிபாடடைய, முழுக் கோதுமையில் 86 பங்கே சமிபாடடைகின்றது. தானியம் ஒன்றே, தவிடு சேர்ந்ததனால் நேர்ந்த வேறுபாடு பத்துப் பங்கு.

இப்பத்துப் பங்கினையும் நார் திருடிவிட்டதென்று முடிவு செய்தல் பொருந்தாது. தவிட்டிலுள்ள புரதத்தின் ஒரு பகுதி கடினமான கலச்சுவர்களுக்குள்ளே அடைபட்டிருக்கின்றது. நொதியங்கள் அதனை எளிதில் அணுகமாட்டா. மேலும், இக்கணக்கு மலத்தில் வெளியேறும் நைதரசனை அளந்து பெறப்படுவது. நார் மிகும்போது பெருங்குடலிற் பற்றீரியாக்கள் பெருகுகின்றன. அவை தம்முடல் வளர்ச்சிக்கு வேண்டிய நைதரசனை, குருதியிலிருந்து குடலுள் வந்துசேரும் யூரியாவிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. சிறுநீர்வழி கழியவேண்டிய நைதரசன் மலத்தின்வழி கழிகின்றதேயன்றி, அவ்வளவும் உண்ட புரதத்தின் நேரிழப்பன்று. ஆகவே இழப்பு உண்டு. ஆயின் மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர் நினைக்கும் அளவினதன்று.

இன்னொரு மயக்கத்தையும் இவ்விடத்து நீக்குதல் வேண்டும். பசைநார் உணவின் சமிபாட்டைத் தாமதிக்கச் செய்யும். அதனாற் குளுக்கோசும் அமினோவமிலங்களும் குருதியில் மெல்ல மெல்லச் சேரும். இதனைக் கண்டு அஞ்சுவோர், தாமதத்தையும் இழப்பையும் ஒன்றென மயங்குகின்றனர். காலையில் வரவேண்டிய கடிதம் மாலையில் வந்தால் அது தொலைந்த கடிதமாகாது. தசை வளர்ச்சிக்கு நாள் முழுவதும் உடல் பெறும் புரதத்தின் மொத்த அளவே முதன்மையானது. ஓரிரு மணி நேரத் தாமதத்தால் அதற்குக் குறிப்பிடத்தக்க கேடு விளையாது.

ஆயின் கணக்கிலே ஒரு திருத்தம் வேண்டும். பாரப்பயிற்சி செய்வோர்க்கு உடல்நிறை ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதுமென்று இக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. 60 கிலோகிராம் நிறையுள்ள இளைஞனுக்கு இது 96 கிராமாகும். இப்புரதம் நூற்றுக்கு 95 பங்கு சமிபாடடையும் உணவிலிருந்து வந்தால் அவனுடலைச் சேர்வது 91 கிராம். 80 பங்கே சமிபாடடையும் உணவிலிருந்து வந்தால் ஏறத்தாழ 77 கிராம். வேறுபாடு 14 கிராம். இது பேரிழப்பன்று, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதுமன்று. தானியமும் பருப்புமே உண்பவன் நாளொன்றுக்கு 15 தொடக்கம் 20 கிராம் வரை புரதத்தைக் கூட்டிக்கொண்டால் இக்குறை நிரம்பிவிடும். கீரையைக் கைவிட வேண்டியதில்லை.

உண்மையான இடர்: தாதுப்பொருள்கள்

புரதத்தைப்பற்றிய அச்சம் மிகைப்பட்டது. ஆனால் இரும்பு, நாகம், கல்சியம் ஆகிய தாதுப்பொருள்களைப்பற்றி எம்மிளைஞர் போதிய அளவு அஞ்சுவதில்லை. உண்மையான இடர் இவ்விடத்தேதான் உள்ளது. இதனை விளக்க மூன்று வரலாற்றுச் செய்திகளைக் கூறுவோம்.

முதலாவது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. கப்பல்வழி உணவு வருவது அருகிய இங்கிலாந்திலே, கோதுமையை வீணாக்காது தவிட்டோடு கூடிய மாவினாற் பாண் செய்ய நேர்ந்தது. கேம்பிறிட்ஜ் நகரிலே மக்கான்ஸ் என்னும் அறிஞரும் விடோசன் என்னும் அம்மையாரும், தம்மையும் தம் நண்பரையுமே ஆய்வுப்பொருளாக்கி, வெண்பாணையும் தவிட்டுப்பாணையும் மாறிமாறி உண்டு, உண்ணும் தாதுப்பொருள்களையும் கழியும் தாதுப்பொருள்களையும் அளந்தனர். தவிட்டுப்பாண் உண்டபோது கல்சியம் உடலிற் சேர்வது குறைந்தமையை 1942ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். தவிட்டிலே பைற்றிக்கமிலம் என்னும் பொருள் உண்டு. அதனை நீக்கிய மாவினாற் பாண் செய்து உண்டபோது நிலைமை சீர்பட்டது. குற்றவாளி நாரன்று, நாரோடு ஒட்டிவந்த பைற்றிக்கமிலமே முதன்மையான குற்றவாளி என்பது இதனாற் புலப்பட்டது. இதன் பயனாக இங்கிலாந்தின் மாவிலே கல்சியங் காபனேற்றைக் கலக்கும் வழக்கம் போர்க்காலத்திலேயே தொடங்கிற்று.

இரண்டாவது, எம்மிளைஞர் தம் மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டியது. இந்தியாவின் பீகாரிலே பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர், 1958ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் சிராஸ் நகரிலே பணியாற்றச் சென்றார். ஆங்கே இருபத்தோராண்டு நிரம்பியும் பத்து வயதுச் சிறுவன்போல வளர்ச்சி குன்றி, பருவமடைந்ததன் அடையாளங்களும் தோன்றாத ஓர் இளைஞனைக் கண்டார். அவனைப்போன்ற வேறுசிலரும் அக்கிராமங்களில் இருந்தனர். அவர்தம் உணவு பெரும்பாலும் புளிக்கவையாத முழுக்கோதுமை ரொட்டியே, மண்ணுண்ணும் பழக்கமும் அவர்களிடம் இருந்தது, விலங்குணவு அரிது. இவர்களைப்பற்றிய அறிக்கை 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் எகிப்து நாட்டிலே அவர் நிகழ்த்திய ஆய்வுகளால், இத்தகைய இளைஞர்க்கு நாகக் குறைபாடு உண்டென்பது 1963ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. நாகம் கொடுக்கப்பட்டபோது அவர்கள் வளர்ந்தனர், பருவமும் எய்தினர். மனிதர்க்கும் நாகக் குறைபாடு நேரக்கூடுமென்பதை உலகம் அறிந்தது இவ்வாறே.

மூன்றாவது, அதே சிராஸ் நகரிலே 1970ஆம் ஆண்டுகளில் ரைன்ஹோல்ட் என்னும் அறிஞர் நிகழ்த்திய ஆய்வு. மாவைப் புளிக்கவைத்துச் செய்த ரொட்டியிலே பைற்றிக்கமிலம் குறைந்து, புளிக்கவையாத ரொட்டியில் அது நிறைந்திருத்தலை அவர் காட்டினார். தானியம் மாறவில்லை, சமைக்கும் முறையே மாறிற்று.

இம்மூன்றினாலும் பெறப்படுவதைத் தொகுத்துக் கூறுவோம். பைற்றிக்கமிலம் என்பது தாவரங்கள் தம் விதைகளிலே பொசுபரசைச் சேமித்து வைக்கும் வடிவம். அதன் மூலக்கூறு, இரும்பையும் நாகத்தையும் கல்சியத்தையும் பற்றிக்கொண்டு கரையாத உப்பாக மாறுகின்றது. அவ்வுப்பைச் சிறுகுடல் உறிஞ்சமாட்டாது. உணவிலே நாகத்தின் ஓரணுவுக்குப் பைற்றிக்கமிலத்தின் 15 மூலக்கூறுகளுக்கு மேல் இருப்பின், நாகம் உடலிற் சேர்வது பெரிதும் தடைப்படுமென்று கொள்வர். தானியங்களில் இப்பொருள் பெரும்பாலும் தவிட்டிலுள்ளது. ஆகையால் தீட்டினால் நாரோடு கூடவே நீங்கும். பயறு, கடலை முதலியவற்றிலோ அது பருப்பினுள்ளேயே இருக்கின்றது. தோலை நீக்கினால் நார் குறையுமேயன்றிப் பைற்றிக்கமிலம் குறையாது.

அங்ஙனமாயின் தவிட்டை முற்றாக நீக்கிய வெள்ளரிசியே சிறந்ததோவெனின், அன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே கிழக்காசியாவிற் பல்லாயிரவரை வருத்திய பெரிபெரி நோய், தீட்டிய அரிசியையே உண்டதனால் விளைந்தது. யாவாவிலே எய்க்மன் என்னும் மருத்துவர் தவிட்டின் பெருமையைக் கண்டுபிடிக்கக் காரணமாயிருந்து, 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். தவிட்டிலே தடையுமுண்டு, தயமின் என்னும் உயிர்ச்சத்துமுண்டு. தடையை நீக்கிச் சத்தைக் கொள்ளும் வழியையே நாம் நாடவேண்டும்.

பாரந்தூக்குபவனுக்கு இது ஏன் முக்கியமாகின்றது? குருதியின் செங்கலங்களிலும் தசையினுள்ளும் ஒட்சிசனைத் தாங்குவது இரும்பு. கலங்கள் பிரிந்து வளர்வதற்கும் புரதம் உருவாவதற்கும் வேண்டப்படுவது நாகம். இரும்பு குறைந்த இளைஞன் விரைவிற் களைப்படைவான். தான் களைப்படைவது புரதம் போதாமையாலென்று எண்ணி இன்னுமொரு டின் புரதமாவை வாங்குவான். அவனுக்கு வேண்டியது மாவன்று. ஒரு குருதிச் சோதனையும், சமையலறையிற் சில திருத்தங்களுமே. மரக்கறியுணவினர்க்கு இரும்பின் தேவை மற்றையோரினும் 1.8 மடங்கென்றும், தானியமும் பயற்றினமுமே முதன்மையாக உண்போர்க்கு நாகத்தின் தேவை ஒன்றரை மடங்கு வரை உயரலாமென்றும் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழு 2001ஆம் ஆண்டில் அறிவித்தமையும் இக்காரணம் பற்றியே.

ஓரிளைஞனின் நாளுணவு

எண்களாற் காண்பது தெளிவைத் தரும். 60 கிலோகிராம் நிறையுள்ள மரக்கறியுணவினன் ஒருவன், உடற்கட்டை விரும்பி நாளொன்றுக்குப் பின்வருமாறு உண்கின்றானென்று கொள்வோம்: தவிடு நீக்காத சிவப்பரிசி 300 கிராம், குரக்கன் மா 100 கிராம், பயறு 100 கிராம், கடலை 50 கிராம், கீரையும் காய்கறியும் 300 கிராம், பழம் 200 கிராம், தேங்காய்ப்பூ 50 கிராம். தானியமும் பயறும் கடலையும் சமைப்பதற்கு முன்னுள்ள நிறையாற் கூறப்பட்டன. இவ்வுணவிலே நார் ஏறத்தாழ 65 கிராம். புரதம் ஏறத்தாழ 70 கிராம்.

வளர்ந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் உண்ணவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியிற் கூறிற்று. 1,000 கலோரிக்கு 14 கிராம் என்னும் மற்றொரு கணக்கின்படி, 2,800 கலோரி உண்ணும் இவ்விளைஞனுக்கு 39 கிராம் போதும். அவன் உண்பதோ 65 கிராம். புரதத்திலோ அவனுக்கு 25 கிராமுக்கு மேற் குறைவு. இக்குறையை நிரப்ப இன்னும் 100 கிராம் பயற்றைச் சேர்த்தால், புரதம் நிரம்புமுன் வயிறு நிரம்பிவிடும். நார் 80 கிராமை எட்டும். நாருணவு பருமனால் வயிற்றை நிரப்பிப் பசியை விரைவில் அடக்கும். நிறை குறைக்க விரும்புபவனுக்கு இது வரம். நிறை கூட்ட விரும்புபவனுக்கு இதுவே பெருந்தடை. உண்டது உறிஞ்சப்படாமையினும், உண்ணவேண்டியதை உண்ண இயலாமையே இத்தகைய இளைஞரின் மெலிவுக்குப் பெரும்பாலும் காரணமாகும்.

இதற்குப் பரிகாரம் எளிது. நாரில்லாப் புரதத்தை அவன் உணவிலே சேர்த்தல் வேண்டும். அரை இலீற்றர் பாலில் 16 கிராம் புரதமும், 200 கிராம் தயிரில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் உண்டு. இவற்றில் நார் சிறிதுமில்லை. தாவர உணவிலே காணப்படாத விற்றமின் பி12 என்னும் சத்தையும் இவை தரும். குரக்கன் மாவிற் பாதியைக் குறைத்துத் தோல் நீக்கிய மைசூர்ப்பருப்பை அவ்விடத்துச் சேர்த்தால் புரதம் கூடும், நார் கூடாது. சோயாமீற் 20 கிராம் சேர்த்தால் இன்னும் 10 கிராம் புரதம் கிடைக்கும். இத்துணையும் எமது ஊர்க் கடைகளிற் கிடைப்பன. கடல்கடந்து வரும் டின்கள் இன்றியமையாதனவல்ல. பாலை உண்ணாதோர், விற்றமின் பி12ஐ வேறுவழியாற் பெறுவதற்கு மருத்துவரின் அறிவுரையைக் கேட்டல் வேண்டும்.

சமையலறையிலுள்ள மருந்து

பைற்றிக்கமிலத்தை உடைக்கும் நொதியம் ஒன்று விதையினுள்ளேயே உறங்கிக்கிடக்கின்றது. அதற்குப் பைற்றேசு என்று பெயர். விதை நீரை உண்டு முளைக்கத் தொடங்கும்போது அது விழித்தெழுந்து, இளம்முளைக்கு வேண்டிய பொசுபரசைப் பைற்றிக்கமிலத்திலிருந்து விடுவிக்கின்றது. மாவைப் புளிக்கவைக்கும்போது தோன்றும் அமிலத்தன்மையும் அந்நொதியத்தின் செயலுக்குத் துணைசெய்கின்றது. வெறுமனே அவித்தலால் இப்பயன் பெரிதும் கிட்டாது.

எமது அன்னையர் இதன் இரசாயனத்தை அறிந்திலர். ஆயின் செயலை அறிந்திருந்தனர். உழுந்தை ஊறவைத்து அரைத்து இரவு முழுவதும் புளிக்கவிட்டுத் தோசையும் இட்டலியும் சுடுவதும், பயற்றை ஊறவைத்து முளைகட்டுவதும், கடலையை முதல்நாளிரவே நீரிலிட்டு அந்நீரைக் கொட்டிவிட்டு அவிப்பதும் இவ்வகையின. குரக்கனை முளைக்கவைத்து உலர்த்தி இடித்த மாவும் அத்தகையதே. நூறு கிராம் குரக்கனிலே 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. அதனை வீணே கழியவிடாது பெறுவதற்கு முளைப்பித்தல் சிறந்த வழி. அவசரங் கருதி இம்முறைகளைக் கைவிட்ட வீடுகளிலே தானியமும் பயறும் பழையனவே. அவற்றாற் பெறும் பயன் மட்டும் குறைந்துவிட்டது.

இரும்பைப் பொறுத்தவரையில் இன்னொரு துணைவனும் உண்டு. அது விற்றமின் சி. தாவர உணவிலுள்ள இரும்பு நூற்றுக்கு இரண்டு பங்கு தொடக்கம் இருபது பங்கு வரை உறிஞ்சப்படலாம். உடலின் தேவையும் உடனுண்ணும் பொருள்களுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். பைற்றிக்கமிலம் அதனைக் குறைக்க, விற்றமின் சி அத்தடையைப் பெரிதும் வெல்கின்றது. பருப்புக்கறியிலே தேசிக்காய்ப் புளி விடுவதும், உணவோடு ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ உண்பதும் இதனாற் பயனுடையன. தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே விடுதல் வேண்டும். நெடுநேரம் கொதித்தால் விற்றமின் சி அழிந்துபோம்.

தேநீர் நாரன்று, ஆயினும் நாருணவுக்கு அருகிலே எமது நாட்டில் எப்பொழுதும் இருப்பது அதுவே. தேநீரிலுள்ள தனின் வகைப்பொருள்கள் தாவர இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. உணவோடு தேநீர் பருகினால் இரும்பின் அகத்துறிஞ்சல் பாதிக்கும் மேலாகக் குறையக்கூடும். உண்டபின் ஒரு மணிநேரமாவது கழித்துப் பருகினால் இத்தடை பெரிதும் தணியும். சோற்றோடு தேநீர் பருகும் பழக்கமுள்ள மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

கரட், முருங்கையிலை முதலியவற்றிலுள்ள கரற்றீன் கொழுப்போடு சேர்ந்தே உறிஞ்சப்படும். பெக்ரின் போன்ற சில நார்கள் இதனைச் சிறிது குறைக்கலாம். முருங்கையிலை வறையிலே தேங்காய்ப்பூச் சேர்ப்பது சுவைக்கு மாத்திரமன்று. கரற்றீன் உடலிற் சேர்வதற்கும் அது துணைசெய்யும்.

நாரைக் குறைகூறுவோர் மறந்துவிடும் ஓருண்மையையும் இவ்விடத்திற் கூறுதல் நேர்மையாகும். பெருங்குடலிற் புளிக்கும் சில நார்கள் அங்கே அமிலத்தன்மையை உண்டாக்கி, சிறுகுடலிலே தப்பிச்சென்ற கல்சியத்தின் ஒரு பகுதியைப் பெருங்குடலிலேயே உறிஞ்சச் செய்கின்றன. வளரும் பருவத்தினரிடையே நிகழ்த்திய ஆய்வுகளிலும் இது காணப்பட்டுள்ளது. ஒரு கையாற் பறிப்பதன் ஒரு பகுதியை நார் மறுகையாற் கொடுக்கின்றது. அன்றியும் மலச்சிக்கலை நீக்கல், குருதியிலே கொலத்தரோலைக் குறைத்தல், வெல்லம் விரைந்தேறாது காத்தல் ஆகிய நன்மைகள் நாருணவுக்கு உண்டென்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. நீரிழிவும் இதயநோயும் மலிந்துவரும் எமது சமூகத்திலே, இருபது வயதிற் பெறும் தசைக்காக ஐம்பது வயதின் நலத்தை விற்பது அறிவுடைமையாகாது.

சில வரையறைகள்

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, உடற்கட்டை விரும்பும் மாணவர் கொள்ளத்தக்க சில வரையறைகளைத் தருகின்றோம்.

நாளொன்றுக்கு 30 தொடக்கம் 40 கிராம் நார் பெரும்பாலோர்க்கு ஏற்ற அளவு. இதனிலும் குறைவாக உண்போர் திடீரெனக் கூட்டாது, சில வாரங்களிற் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். அன்றேல் வயிற்றுப் பொருமலும் நோவும் உண்டாகும்.

நாரைக் கூட்டும்போது நீரையும் கூட்டுதல் வேண்டும். வியர்வை சிந்திப் பயில்வோர்க்கு இது இருமடங்கு முக்கியம். நார்ப்பொடியைப் போதிய நீரின்றி விழுங்குதல் குடலடைப்பிலும் முடியலாம். உணவாலே நாரைப் பெறுவோர் பொடியை நாடவேண்டியதில்லை.

பயிற்சிக்கு இரண்டு மூன்று மணிநேரத்திற்கு முன் உண்ணும் உணவிலே நார் குறைந்திருத்தல் நன்று. வெள்ளையரிசிமா இடியப்பமும் சொதியும், அல்லது வாழைப்பழமும் பாலும் போதியன. கடலையும் கீரையும் குரக்கனும் பயிற்சி முடிந்த பின்னரோ பயிற்சியில்லாத வேளையிலோ இடம்பெறட்டும்.

இரும்பு மாத்திரை உட்கொள்வோர் அதனை நார்ப்பொடியோடும் தேநீரோடும் சேர்த்து விழுங்கலாகாது. தைரொயிட்டு மருந்து போன்றவற்றின் அகத்துறிஞ்சலையும் நார்ப்பொடி குறைக்கக்கூடும். ஆகையால் மருந்துண்போர் இடைவெளியைப்பற்றி மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். நாக மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் பேரளவில் உண்பதும் தவறு. மிகையான நாகம் உடலிற் செம்பு சேர்வதைத் தடுக்கும்.

பயிற்சி ஒழுங்காக இருந்தும் காரணமின்றிக் களைப்பு நீடிக்குமாயின், நாரையோ புரதத்தையோ நோவாது மருத்துவரிடஞ் சென்று குருதியைச் சோதித்தல் வேண்டும்.

பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். பயிற்சிச்சாலைகளுக்கு இரும்புப் பாரங்களையும் கருவிகளையும் உவந்தளிப்போர் பலர். அவ்வீகை போற்றுதற்குரியது. ஆயின் அக்கருவிகளைத் தூக்கும் பிள்ளையின் தட்டிலே என்ன உள்ளதென்பதை நோக்குவோர் சிலரே. விடுதியிலே வாரத்திற் சிலநாள் முளைப்பயறு, மதியவுணவோடு தேசிக்காயோ கொய்யாப்பழமோ, மாலையில் ஒரு குவளை பால், தேநீருக்குத் தக்க வேளை ஆகிய இவை ஒரு பாரக்கோலின் விலையினும் குறைந்த செலவிலே பல பிள்ளைகளுக்குப் பயன்தரும். திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியைத் திருவள்ளுவர் உணவின் அளவுக்கும் செரிமானத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பின்மேல் அமைத்திருத்தலை எம் மாணவர் வகுப்பறையிற் கற்கின்றனர். அதனை உணவுக்கூடத்திலும் அவர்கள் காணுமாறு செய்தல் எம்மனைவரின் கடனாகும்.